முற்போக்கு யூதர்களைப் பற்றி மாமரத்தடியில் பேசுவது எப்படி

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு மாமரத்தடியில் மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை, பின்னேரம் மூன்றரை மணிக்கு, 11 பெண்கள் கூடுகிறோம். நான் உயர்தர வகுப்புக்கு இந்து நாகரிகம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, இந்த ஊரில் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருக்கிறவரோடு ஒரு வார்த்தை பேசவே ஆட்கள் யோசித்தார்கள். அந்த வருடக் கடைசியில் நாலு பேரோடு தொடங்கியதுதான் இந்த வட்டம். இப்போது புளியந்தீவு, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிறார்கள். ஒருவர் மற்றவரின் சமயத்தைப் படிக்கிறோம், பேசுகிறோம், அவ்வளவுதான்.

இந்த வருடம் மூன்று அமர்வுகளை முற்போக்கு யூத உலக ஒன்றியத்துக்குக் கொடுத்தோம். வாழைச்சேனையிலும் அக்கரைப்பற்றிலும் இப்படி வட்டம் நடத்துகிற இரண்டு தங்கச்சிமார் “எப்படி ரீச்சர் செய்தீங்க, எங்களுக்கும் எழுதித் தாங்க” என்று கேட்டார்கள். அவர்களுக்கென்று எழுதத் தொடங்கியது நீண்டுவிட்டது. பிழைவிட்ட இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். அதே பிழையை நீங்களும் விடவேண்டியதில்லை.

ஏன் இந்தத் தலைப்பு என்று முதலில் வீட்டிலேயே கேட்பார்கள். நம் பக்கத்தில் யூதர் என்றால் மனதில் இருப்பது இரண்டு படம். ஒன்று வேதங்களில் வரும் பழங்கால மக்கள். மற்றது செய்தியில் வரும் துப்பாக்கியும் தாங்கியும். அறுகம்பைப் பக்கம் போய்வந்தவர்களுக்கு மூன்றாவதாக ஓர் இஸ்ரேலிய உல்லாசப் பயணி. இந்த மூன்றிலும் வராத ஒன்று இருக்கிறது: தங்கள் சமயத்தை எப்படிக் கைக்கொள்வது என்று 200 வருடமாகத் தங்களுக்குள்ளேயே வாதாடிவரும் ஒரு மக்கள். அந்த வாதத்தைக் கேட்டால் நம் வீட்டு வாதம் போலவே இருக்கும். அதனால்தான் எடுத்தேன்.

சொற்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

முதல் வேலை இதுதான். ஒரே பொருளுக்கு நம்மிடம் மூன்று நாலு சொல் இருக்கிறது. மெதடிஸ்த அக்கா ஜெப ஆலயம் என்பார், கத்தோலிக்கத் தங்கச்சி தொழுகைக்கூடம் என்பாள். இரண்டும் யூதர் கூடி வழிபடும் இடம்தான். காத்தான்குடியில் யஹூதி என்பார்கள். ஓய்வுநாளைச் சபாத் என்று நான் சொன்னதும், மதரசாவில் ஓதிய தங்கச்சி “அது சப்த், குர்ஆனிலேயே இருக்கு” என்றாள். இந்தச் சொற்களை ஒரு பிரிஸ்டல் போட்டில் எழுதித் தொங்கவிடுங்கள். எது சரியான சொல் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒவ்வொருவரும் தன் சொல்லை அந்தப் போட்டில் கண்டால் போதும், கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து விடுவார்கள்.

ஒன்றியத்தைப் பற்றி எழுத வேண்டியது நாலு வரி. முற்போக்கு யூத உலக ஒன்றியம் 1926இல் லண்டனில் தொடங்கப்பட்டது. சீர்திருத்த யூதம், தாராளவாத யூதம், முற்போக்கு யூதம், மறுகட்டமைப்பு யூதம் என்று நாட்டுக்கு நாடு வேறு பெயரில் இருக்கும் சபைகளின் குடை அது. 50 நாடுகளளவில் பரந்திருக்கிறது. வேதத்தையும் மரபையும் மதித்தாலும், பழைய சட்டம் ஒவ்வொன்றும் எக்காலத்துக்கும் அப்படியே கட்டுப்படுத்தும் என்று இவர்கள் கொள்வதில்லை. மரபுவழி யூதர் கொள்கிறார்கள். இடையில் மசோர்ட்டி என்று ஒரு பிரிவு இருக்கிறது. அது இந்தக் குடையின் கீழ் இல்லை. இதற்கு மேல் முதல் நாளில் விளக்கம் வேண்டாம்.

நான் முதல் தடவை இந்த இடத்தில்தான் பிழைவிட்டேன். போட்டை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் மரபுவழியார், வலப்பக்கம் முற்போக்கார் என்று வித்தியாசங்களை எழுதினேன். இவர்கள் பெண்களைப் பிரித்து உட்காரவைப்பார்கள், அவர்கள் சேர்த்து உட்காரவைப்பார்கள் என்ற மாதிரி. பத்து நிமிடத்தில் அது நல்லவர் கெட்டவர் பட்டியலாகிவிட்டது. பள்ளிவாசலில் பெண்களுக்குத் தனியிடம் என்று வளர்ந்த ராத்தா வாயே திறக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று விளங்கியது. அந்தப் போட்டைக் கிழித்துப் போட்டேன். நீங்கள் அதை எழுதவே வேண்டாம்.

எந்த மொழியில் கும்பிடுவது?

அடுத்த அமர்வின் பாடத்தை இந்த ஒரு கேள்வியோடு தொடங்கினேன். உங்கள் வட்டத்திலும் இதிலேயே தொடங்குங்கள். யூதர் என்ற சொல்லையே முதல் அரை மணித்தியாலம் எடுக்க வேண்டாம். “உங்கட கோயிலில, பள்ளியில எந்த மொழியில ஓதுறாங்க? உங்களுக்கு விளங்குதா? விளங்கத்தான் வேணுமா?” என்று மட்டும் கேளுங்கள்.

பிறகு நீங்கள் பேசவே தேவையில்லை. கத்தோலிக்கத் தங்கச்சியின் அம்மாவுக்கு லத்தீன் பூசை ஞாபகம் இருக்கிறது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு தமிழில் பூசை வந்தபோது, தன் தாயார் “மரியாதை போயிற்று” என்று அழுதாராம். ஜும்மாவில் பிரசங்கம் தமிழில், தொழுகை அரபியில் என்று ராத்தா சொன்னார். எங்கள் பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் குருக்கள் சமஸ்கிருதத்தில் மந்திரம் சொல்கிறார். ஆனால் வைகாசியில் கண்ணகை அம்மனுக்குக் கதவு திறந்தால், பூசைசெய்யும் கப்புகனார் தமிழில் காவியம் பாடித்தான் அம்மனைக் குளிர்விக்கும் குளுத்திச் சடங்கு செய்வார். களுவாஞ்சிக்குடிப் பெத்தா 76 வயது. “விளங்காட்டியும் அந்தச் சத்தத்தில ஒரு பலன் இருக்கு புள்ள, விளங்கினா இன்னொரு பலன்” என்றார். அதை நான் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த இடத்தில் ஜெர்மனியைக் கொண்டுவாருங்கள். 1810இல் ஸேஸன் என்ற சிறு நகரத்தில் இஸ்ரேல் ஜேக்கப்சன் என்பவர் ஒரு வழிபாட்டு இடம் திறந்தார். யூதரின் வழிபாட்டு மொழியான ஹீப்ருவோடு ஜெர்மன் பாட்டும் ஜெர்மன் பிரசங்கமும் ஓர்கன் வாத்தியமும் சேர்ந்தன. 1818இல் ஹம்பேர்க் நகரில் ஒரு சபை அதையே ஒழுங்காகச் செய்து, புதிய செபப் புத்தகமும் அச்சிட்டது. ஊரின் ரப்பிகள் கொதித்தெழுந்தார்கள். சமயக் குருவை அவர்கள் ரப்பி என்பார்கள். சண்டை வந்தது மொழியால், வாத்தியத்தால். கடவுள் உண்டா இல்லையா என்று யாரும் சண்டைபோடவில்லை. மெதடிஸ்த அக்கா சிரித்துக்கொண்டு, அவர்களுடைய சபையில் பாட்டுக்குத் தபேலா கொண்டுவந்தபோது நடந்த பிரச்சினையைச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த யூதர் யாருக்கும் அந்நியராக இல்லை.

கொடியில் காலத்தைத் தொங்கவிடுங்கள்

வருடங்களை வாயால் சொன்னால் யாருக்கும் நிற்காது. எங்கள் வீட்டு உடுப்புக் காயப்போடும் கொடியை எடுத்து, மாமரத்துக்கும் தூணுக்கும் இடையில் கட்டினேன். அரைத்தாள்களில் ஒரு வருடமும் ஒரு செய்தியும் எழுதி, உடுப்புக் கிளிப்பால் குத்துங்கள். முக்கியமானது இது: யூதச் செய்தி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நம் ஊர்ச் செய்தி ஒன்று தொங்க வேண்டும்.

மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தது 1814. அதற்கு நாலு வருடம் முன்னால் ஸேஸன், நாலு வருடம் பின்னால் ஹம்பேர்க். விபுலானந்த அடிகள் காரைதீவில் பிறந்தது 1892. அடுத்த வருடம், 1893இல், லில்லி மொன்டேகு என்ற 19 வயதுப் பெண் லண்டனில் தையல்கடைகளில் வேலைசெய்த யூதப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு மன்றம் தொடங்கினார். நம் கல்லடிப் பழைய பாலம், மெனிங் சீமாட்டியின் பெயரில் உள்ளது, திறந்தது 1924. இரண்டு வருடம் கழித்து உலக ஒன்றியம். ஒன்றியத்தின் தலைமையகம் ஜெருசலேமுக்குப் போனது 1973. அதற்கு ஐந்து வருடம் கழித்து 1978இல் நம்மைப் புரட்டிப்போட்ட சூறாவளி. பெத்தாவுக்கு ஆங்கில வருடம் ஞாபகம் நிற்காது, ஆனால் “சூறாவளிக்கு முந்தி” என்றால் பிடித்துக்கொள்வார்.

கொடியில் 1873 என்ற தாளைக் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள். அந்த ஒரே வருடத்தில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஐசக் மேயர் வைஸ் சீர்திருத்தச் சபைகளை ஒரு சங்கமாகச் சேர்த்தார். லண்டனில் லில்லி மொன்டேகு பிறந்தார். லியோ பெக் என்ற குழந்தையும் பிறந்தது. பின்னால் பெர்லினின் பெரிய ரப்பியாகவும் இந்த ஒன்றியத்தின் தலைவராகவும் வந்தவர் அவர்.

கொடியில் இன்னும் இரண்டு தாள் கட்டாயம் வேண்டும். 1885இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கூடிய சீர்திருத்த ரப்பிகள், உணவுக் கட்டுப்பாடுகள் இந்தக் காலத்துக்கு வேண்டாதவை என்று அறிவித்தார்கள். 1937இல் கொலம்பஸ் நகரில் கூடிய அடுத்த தலைமுறை, பழைய வழக்கங்களின் பக்கம் மறுபடி திரும்பியது. இன்று அதே வழியில் பலர் தலையை மூடித்தான் செபிக்கிறார்கள். சீர்திருத்தம் என்றால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போடுவது என்று நினைத்திருந்த எங்கள் இளம் பிள்ளைகளுக்கு இது புதிது. முந்தாநாள் விட்டதை விளங்கிக்கொண்டு இன்றைக்கு எடுப்பதும் அதற்குள் வருகிறது.

லில்லி மொன்டேகுவுக்கு ஒரு முழு அமர்வு கொடுங்கள்

இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். எங்கள் வட்டத்தைப் பிடித்துக்கொண்டது இவருடைய கதைதான்.

தகப்பன் சாமுவேல் மொன்டேகு, பணக்கார வங்கியாளர், கடுமையான மரபுவழியார். 1887இல் சிறிய மரபுவழிச் சபைகளை ஒன்றுசேர்த்துக் கூட்டமைப்பு அமைத்தவர். மகளுக்கு அந்த வீட்டில் அன்பும் இருந்தது, தன் மன்றத்துப் பிள்ளைகளைப் பற்றிய கவலையும் இருந்தது. சனிக்கிழமையும் வேலைக்குப் போனால்தான் அந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. கோயிலுக்குப் போனாலும் ஹீப்ரு விளங்காது, மேலே தனியிடத்தில் இருக்க வேண்டும். இவர்கள் சமயமே இல்லாமல் போய்விடுவார்கள் என்று பயந்து, 1899இல் ஒரு கட்டுரை எழுதினார். 1901இல் தனக்குத் தெரிந்தவர்களுக்குக் கடிதம் எழுதி, சேர்ந்து யோசிக்க வருகிறீர்களா என்று கேட்டார். குளோட் மொன்டிஃபியோரி என்ற பெரிய அறிஞர் வந்தார். 1902 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், லண்டனில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில், முதல் வழிபாடு நடந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்தார்கள், செபம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

ஏன் சனிக்கிழமை பின்னேரம் என்று வட்டத்தில் கேளுங்கள். எங்களில் இரண்டு பேர் தையல் ஆலையில் வேலை, சனிக்கிழமை அரைநாள் முடிந்துதான் வருவார்கள். “ரீச்சர், எங்களுக்காக மூன்றரைக்கு வைச்ச மாதிரித்தானே” என்று அவர்களில் ஒருத்தி உடனே சொன்னாள். அப்படியேதான்.

தகப்பன் கடைசிவரை இதை ஏற்கவில்லை. இந்தப் பகுதியைச் சொல்லும்போது நிதானமாகச் சொல்லுங்கள். தகப்பனைக் கெட்டவராக ஆக்காதீர்கள். அவரும் தன் கடவுளுக்கு உண்மையாக இருந்தவர். எங்கள் வட்டத்தில் தகப்பனோடும் தமையனோடும் இதே மாதிரி முட்டிக்கொண்டவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். வேற்றுச் சாதியில் கல்யாணம் செய்த ஒருத்தி வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் அப்பா செத்த வீட்டுக்குப் போன கதையைச் சொன்னாள். அன்றைக்கு நான் தயார்பண்ணிய பாதிப் பாடத்தை எடுக்கவில்லை. அதற்காக வருத்தமும் இல்லை.

1926இல் லண்டனில் பல நாட்டார் கூடி ஒன்றியத்தை அமைத்தபோது அதன் பின்னால் நின்றவர் இவரே. மொன்டிஃபியோரி தலைவர், இவர் செயலாளர். பல பத்து வருடம் தன் வீட்டிலிருந்தே கடிதம் எழுதி அந்த வேலையைச் செய்தார். 1928இல் பெர்லினில் முதல் மாநாடு. அங்கே சீர்திருத்தச் சபையின் பிரசங்க மேடையில் ஏறி ஜெர்மன் மொழியில் பிரசங்கம் செய்தார். ஜெர்மனியில் ஒரு யூத வழிபாட்டில் ஒரு பெண் பிரசங்கித்தது அதுவே முதல் தடவை. 1963இல் இறந்தார்.

இந்தியாவைக் கட்டாயம் சொல்லுங்கள். கொங்கண் கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர் எண்ணெய் ஆட்டுகிறவர்கள். சனிக்கிழமை செக்கு நிற்கும், அதனால் ஊரார் அவர்களைச் சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்று அழைத்தார்கள். அந்தச் சமூகத்தில் பிறந்த ஜெருஷா ஜிராட் லண்டனில் மருத்துவம் படிக்கப் போய், அங்கே லில்லி மொன்டேகுவின் வழிபாட்டுக்குப் போனார். திரும்பி வந்து 1925இல் பம்பாயில் யூத சமய ஒன்றியம் என்ற முற்போக்குச் சபை உருவாக முன்னின்றார். உலக ஒன்றியத்துக்கு ஒரு வருடம் முன்னால்! பம்பாயில் ஆயிரக்கணக்கான பிரசவம் பார்க்கும் மருத்துவமனை ஒன்றின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தவர், 1966இல் பத்மஸ்ரீ பெற்றவர். எங்கள் வட்டத்து மருத்துவிச்சி அக்காவிடம் இவரைப் பற்றி வாசிக்கக் கொடுத்தேன். இங்கிலாந்துக் கதை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தூரத்துக் கதை. பம்பாய் என்றதும் எல்லோரும் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டார்கள்.

பெண் ரப்பிகள் பற்றிக் கேட்பார்கள். ரெஜினா யோனாஸ் 1935இல் ஜெர்மனியில் ரப்பியாக நியமிக்கப்பட்டார், 1944இல் நாஸிகளின் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். அவருடைய ஆவணங்கள் பெர்லின் சுவர் விழுந்த பிறகே வெளிச்சத்துக்கு வந்தன. நடுவில் எத்தனை வருடம் அவரை உலகம் மறந்தே போயிருந்தது! 1972இல் அமெரிக்காவில் சாலி பிரீசண்ட் நியமனம் பெற்றார். லியோ பெக் வெளிநாடு போக வாய்ப்பிருந்தும் தன் மக்களை விட்டுப் போகவில்லை. 1943இல் தெரேசியென்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு உயிர்தப்பினார். இதைச் சொல்லும்போது குரலை உயர்த்த வேண்டாம். யுத்தம் பார்த்த பெண்களுக்கு முன்னால் இருக்கிறோம்.

குடிவழி விஷயம்: இங்கே பெத்தாமார்தான் ஆசிரியர்

யூதராகப் பிறப்பது யார்? மரபுவழிச் சட்டத்தில் தாய் யூதர் என்றால் பிள்ளை யூதர். தகப்பன் மட்டும் என்றால் இல்லை. கொழும்பில் இதைச் சொன்னால் விளக்க ஒரு மணித்தியாலம் வேண்டும். மட்டக்களப்பில் ஒரு நிமிடம் போதும். “என்ன குடி?”, அதாவது எந்த வம்சம், என்று கேட்டால் நாம் தாயின் குடியைத்தானே சொல்கிறோம். தமிழருக்கும் அப்படி, சோனகருக்கும் அப்படி. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் உரிமையும் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் உரிமையும் குடி பார்த்து வந்தவை. தாய்வழியைச் சொல்ல வயிற்றுவார் என்ற சொல்லே நம்மிடம் இருக்கிறது. பெத்தாவும் காத்தான்குடி ராத்தாவும் இந்த இடத்தில் ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டார்கள். அந்த இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

இப்போது அடுத்த தாளைக் காட்டுங்கள். 1983இல் அமெரிக்கச் சீர்திருத்த ரப்பிகள், தாயோ தகப்பனோ யாராவது ஒருவர் யூதராக இருந்து, பிள்ளை யூத வாழ்வில் வளர்க்கப்பட்டால் அந்தப் பிள்ளை யூதர்தான் என்று முடிவெடுத்தார்கள். பிரித்தானியத் தாராளவாதிகள் அதற்கு முன்பே அப்படித்தான் செய்துவந்தார்கள். ஒன்றியத்திலுள்ள எல்லா நாட்டுச் சபைகளும் ஒரே நேரத்தில் இதை ஏற்கவில்லை. ஏற்காதவரும் ஒன்றியத்துக்குள்ளேயே இருந்தார்கள். என் மனதில் இந்த ஒன்றியத்தின் பெறுமதி அங்கேதான் இருக்கிறது. ஒரு பெரிய விஷயத்தில் மாறுபட்டும் ஒரே மேசையில் இருக்கிறார்கள்.

“தகப்பன்ட குடி பிள்ளைக்கு வந்தா என்ன குறையும்?” என்று கேட்டு விடுங்கள். எங்களுக்கு முக்கால் மணித்தியாலம் போனது. முடிவு எதுவும் வரவில்லை, வரத் தேவையுமில்லை.

கல்யாணத்துக்கும் இதே வழியில் போகலாம், ஆனால் மெதுவாக. இஸ்ரேலில் யூதர்களின் திருமணப் பதிவு மரபுவழித் தலைமை ரப்பிகளின் கையில் இருக்கிறது. அந்த நாட்டிலேயே ஒரு முற்போக்கு ரப்பி செய்துவைக்கும் கல்யாணத்தை அரசு பதிவதில்லை. 2021 மார்ச்சில்தான், அங்கே முற்போக்கு ரப்பிகளிடம் யூதராக மாறியவர்களைக் குடியுரிமைக்கு ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதைக் கேட்டதும் காத்தான்குடித் தங்கச்சி முஸ்லிம்களின் விவாக வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றம் பற்றியும், 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் பெண் காதியாக முடியாது என்பது பற்றியும் பேசினாள். மற்றவர்கள் அதில் கருத்துச் சொல்லத் துடித்தார்கள். நான் விடவில்லை. அது அவர்களுடைய வீட்டுப் பேச்சு. அவர்கள் பேச நாங்கள் கேட்டோம்.

காசாவைத் தள்ளிவைக்காதீர்கள்

முதல் அமர்வின் நடுவில் காத்தான்குடித் தங்கச்சி எழுந்துபோனாள். “ரீச்சர், அங்க புள்ளைகள் சாகுது. நாங்க இஞ்ச இருந்து அவங்கட ஜெபத்தப் படிக்கிறமா?” என்றுவிட்டுப் போனாள். இது சமயம், அது அரசியல், கலக்க வேண்டாம் என்று நான் தொடக்கத்தில் சொல்லியிருந்தேன். அது என்னுடைய பிழை. ஒருவரின் நெஞ்சில் எரிகிறதை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வா என்று சொல்ல முடியாது.

அடுத்த கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். மாமியார் பிளேன்டீ போட்டுத் தந்தார். ஒரு மணித்தியாலம் அவள்தான் பேசினாள். பிறகு இரண்டாம் அமர்வை இப்படி ஒழுங்குபண்ணினோம்: முதல் இருபது நிமிடம் காசாவுக்கு. யாரும் மறுத்துப் பேசுவதில்லை, வரலாறு விளக்குவதில்லை. விரும்பினவர் பேசலாம், விரும்பினவர் தன் முறையில் செபிக்கலாம், துஆ கேட்கலாம். அதற்குப் பிறகே கொடியில் தாள்.

அதற்குப் பிறகு உண்மையை முழுதாகச் சொல்லுங்கள். எதையும் ஒளிக்காதீர்கள். 1885இல் பிட்ஸ்பர்க் ரப்பிகள், நாங்கள் இனி ஒரு தேசமல்ல, ஒரு சமயச் சமூகம், பாலஸ்தீனத்துக்குத் திரும்பிப்போக எதிர்பார்க்கவில்லை என்று எழுதினார்கள். 1937இல் கொலம்பஸில் அந்த நிலை மாறியது. 1970களில் உலக ஒன்றியம், யூதருக்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் வேண்டும் என்று உருவான உலகச் சியோனிச அமைப்பில் சேர்ந்தது. தலைமையகமும் ஜெருசலேமில் இருக்கிறது. அதே முற்போக்கு ரப்பிகளில் சிலர் மற்றப் பிரிவு ரப்பிகளோடு சேர்ந்து 1988இல் மனித உரிமைக்கான ரப்பிகள் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பாலஸ்தீன விவசாயிகள் ஒலிவ் பழம் பறிக்கும்போது கூடப்போய் நிற்கிறவர்கள் அவர்கள். இந்த எல்லாத் தாளும் ஒரே கொடியில் தொங்க வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைக் காட்டினால், உங்களை நம்பி வந்த பெண்களுக்குப் பொய் சொன்னதாகிவிடும்.

எல்லா யூதரும் ஒன்று என்று யாராவது சொன்னால் என்ன செய்வது? நான் பதில் சொல்லவில்லை. ஆரையம்பதி அக்கா சொன்னார்: “எங்களயும் ஒரு காலத்தில எல்லாரயும் புலி எண்டுதானே சொன்னாங்க.” தங்கச்சி கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “2019இல எங்கட வீட்டுக் குர்ஆனயும் பிரிச்சுப் பாத்தாங்க” என்றாள். 1990இல் தமிழர், முஸ்லிம் இரு பக்கமும் நடந்த கொலைகளை யாரும் வாயால் எடுக்கவில்லை. ஆனால் ஆரையம்பதிக்கும் காத்தான்குடிக்கும் நடுவில் ஒரு றோட்டுத்தான் இருக்கிறது, அதை அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்த அமைதியை அப்படியே விடுங்கள். பேச்சால் நிரப்பாதீர்கள்.

சில சின்ன விஷயங்கள்

சாப்பாட்டைச் சைவமாகவே வையுங்கள். கடலை, பயத்தம் பணியாரம், இஞ்சி போட்ட பிளேன்டீ. யாரும் எதையும் கேட்டுப் பார்த்துச் சாப்பிடத் தேவையிருக்காது. அதைக் காட்டியே யூத உணவுச் சட்டத்தையும் சொல்லிவிடலாம்: இறைச்சியும் பாலும் ஒன்றாகச் சேராது, செதிளுள்ள மீன் ஆகும், நண்டும் இறாலும் ஆகாது. வாவி நண்டு இல்லாத வாழ்க்கையா என்று எங்கள் ஆட்கள் திகைத்தார்கள். முற்போக்கு வழியில் இதை எவ்வளவு கைக்கொள்வது என்று அவரவர் யோசித்து முடிவெடுக்கிறார்கள்.

சபாத் விளக்கை நடித்துக் காட்ட வேண்டாம். வெள்ளிக்கிழமை பொழுதுபடும்போது வீட்டுப் பெண் மெழுகுதிரி கொளுத்தி ஆசீர்வாதம் சொல்வது அவர்களின் வழக்கம். நான் இரண்டு மெழுகுதிரி வாங்கி வைத்திருந்தேன். மெதடிஸ்த அக்காதான் தடுத்தார்: “நம்ம திருவிருந்தை யாரும் பழகிப் பாக்கிறதுக்கு எண்டு செய்தா எப்பிடி இருக்கும்?” சரியான கேள்வி. மெழுகுதிரியை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். பதிலாக, வெள்ளிக்கிழமை பொழுதுபடும்போது தங்கள் தங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் சொன்னோம்.

1922இல் நியூயோர்க்கில் 12 வயது ஜூடித் கப்லான் சபைக்கு முன் நின்று யூத வேதமான தோரா வாசித்த கதையைப் பிள்ளைகள் வந்தால் சொல்லுங்கள். மறுகட்டமைப்பு யூதத்தைத் தொடங்கிய மோர்டெகாய் கப்லானின் மகள் அவள். என் பேத்தி அதைக் கேட்டுவிட்டு, தேவாரம் பாட மேடைக்குப் போக இப்போது பயப்படுவதில்லை.

கடைசி நாள்: கடிதம்

லில்லி மொன்டேகு எல்லாவற்றையும் கடிதத்தால் தொடங்கியவர். அதனால் மூன்றாம் அமர்வின் கடைசி அரை மணித்தியாலத்தில் எல்லோரும் கடிதம் எழுதினோம். வட்ஸ்அப் வேண்டாம், கையால் எழுதச் சொல்லுங்கள். வட்டத்திலுள்ள வேறு சமயத்துப் பெண் ஒருத்திக்கு, தன் சமயத்தில் தான் விடமாட்டேன் என்கிற ஒன்றையும், மாறினால் நல்லது என்று நினைக்கிற ஒன்றையும் எழுத வேண்டும். யார் யாருக்கு என்று சீட்டுக் குலுக்குங்கள். எழுதத் தெரியாதவருக்கு அவர் நம்பும் ஒருவர் எழுதிக் கொடுக்கட்டும். பெத்தாவுக்கு அவருடைய பேத்தி எழுதினாள்.

கடிதத்தைச் சபையில் வாசிக்கச் சொல்லாதீர்கள். நடத்துகிறவரும் பார்க்கக் கூடாது. உறையில் போட்டு, ஒட்டிக் கைமாற்றிவிட்டு எழும்புங்கள். பதிலுக்குக் காலக்கெடு வைக்க வேண்டாம். எங்களில் எட்டுப் பேருக்குப் பதில் வந்தது. காத்தான்குடித் தங்கச்சி தன் பதிலைத் தபாலில் போடவில்லை. ஒரு புதன்கிழமை பின்னேரம் ஆட்டோவில் ஆரையம்பதிக்குப் போய், கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.